லாரிப் பீரங்கியை விளையாடத்தக்க வாகனமாக வடிவமைப்பது எப்படி?

போர் விளையாட்டுகளில் டாங்கி ஓட்டுவது எவருக்கும் எளிதில் பிடித்துவிடும். எதிரியைப் பார்க்கிறோம், குழலைத் திருப்புகிறோம், சுடுகிறோம், பலன் அந்த நொடியிலேயே தெரிந்துவிடுகிறது. லாரியின் முதுகில் ஏற்றப்பட்ட 155 மி.மீ. ஹோவிட்சருக்கு, அதாவது குண்டை உயர வளைத்துத் தொலைவுக்கு எறியும் பீரங்கிக்கு, இந்த வசதிகளில் ஒன்றும் கிடையாது. அது சுடும் இலக்கு அதன் கண்ணுக்குத் தெரியாது. ஓடிக்கொண்டே சுட அதனால் இயலாது. அதன் ஓட்டுநர் அறையில் கவசம் இருந்தாலும் அது துப்பாக்கித் தோட்டாவையும் குண்டுச் சிதறலையும் தாங்கும் அளவுக்கே கனமானது. ஆகவே இதை விளையாட்டில் சேர்க்க முனைபவர்கள் பெரும்பாலும் இரண்டு குழிகளில் ஒன்றில் விழுகிறார்கள். ஒன்று, அதை நேருக்கு நேர் சுட வைத்து வலுவற்ற டாங்கியாக்கிவிடுகிறார்கள். அல்லது, வானத்திலிருந்து களத்தைப் பார்த்து, விரல் வைத்த இடத்தில் இடியை இறக்கும் கருவியாக்கி, அடிபடுபவர்கள் அனைவரின் வெறுப்பையும் தேடிக்கொடுக்கிறார்கள்.

இவ்வாகனத்தை விளையாடத்தக்கதாக்குவது நேரக் கணக்குதான். வண்டி நின்ற கணத்திலிருந்து மீண்டும் கிளம்பும் கணம் வரையிலான அந்த இடைவெளியைச் சரியாக வடிவமைத்துவிட்டால், மற்றவை அதன் பின்னால் தாமே அமையும். சொந்தமாக விளையாட்டு உருவாக்குவோரையும், ஏற்கெனவே உள்ள விளையாட்டை மாற்றியமைக்கும் மாட் எழுதுவோரையும் மனத்தில் கொண்டு, அந்த வேலையைப் படிப்படியாகச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் எந்த வண்டி என்று முடிவு செய்க

லாரிப் பீரங்கி என்ற ஒரே பெயருக்குள் மிகவும் வேறுபட்ட வாகனங்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றின் வேறுபாடு சுடும் தூரத்தில் அதிகம் இல்லை; யார் எங்கே நின்று என்ன வேலை செய்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. விளையாட்டின் தன்மையைத் தீர்மானிப்பதும் அதுவே.

பிரான்ஸின் சீசர் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. ஆறு சக்கர லாரியின் பின்பாதியில் 155 மி.மீ., 52 காலிபர் குழல் ஏற்றப்பட்டிருக்கிறது. 52 காலிபர் என்றால் குழலின் நீளம் வாயின் விட்டத்தைப் போல் 52 மடங்கு, அதாவது ஏறத்தாழ 8 மீட்டர். மொத்த எடை 18 டன்னை ஒட்டியது. ஹெர்குலிஸ் எனும் இராணுவச் சரக்கு விமானத்தில் ஏற்றிச் செல்லலாம். வண்டியில் 18 குண்டுகள் இருக்கும். குழுவினர் கீழே இறங்கி, திறந்த வெளியில் நின்று வேலை செய்கிறார்கள். ஆப்கானிஸ்தான், மாலி, ஈராக், உக்ரைன் எனப் பல களங்களைக் கண்ட வண்டி இது.

ஸ்வீடனின் ஆர்ச்சர் இதற்கு நேர்மாறானது. சுரங்கங்களிலும் சாலைப் பணிகளிலும் மண் சுமக்கும் வோல்வோ ஏ30டி வண்டியின் சட்டகத்தின் மீது உருவாக்கப்பட்டது. 21 குண்டுகள் கொண்ட தானியங்கிக் கிடங்கு உண்டு. மூன்று அல்லது நான்கு பேர் கவச அறையை விட்டு இறங்காமலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுவார்கள். இந்திய வாசகர்களுக்கு ஓர் உறவுமுறையையும் சொல்லிவிடலாம்: ஆர்ச்சரின் பீரங்கி, 1986-இல் இந்தியா வாங்க ஒப்பந்தம் செய்த போஃபர்ஸ் எஃப்ஹெச்-77 வரிசையின் வழித்தோன்றல்தான்.

மூன்றாவது, செக்கோஸ்லோவாக்கியா 1970-களில் உருவாக்கிய டானா. எட்டு சக்கர டாட்ரா லாரியின் நடுவே, ஓட்டுநர் அறைக்கும் பின்புற எஞ்சினுக்கும் இடையில், 152 மி.மீ. பீரங்கி தாங்கிய கவசக் கோபுரம் அமர்ந்திருக்கும். எடை 29 டன்னை ஒட்டியது. சுடும் தூரம் ஏறத்தாழ 20 கி.மீ. தானியங்கி நிரப்பும் கருவியை அந்தக் காலத்திலேயே பொருத்தியிருந்தார்கள். பனிப்போர்க் காலக் களத்தை வடிவமைப்பவர்களுக்கு இதுவே பொருத்தம்.

என் பரிந்துரை, முதல் முயற்சிக்குச் சீசரைத் தேர்ந்தெடுப்பது. ஆர்ச்சரில் நடப்பதெல்லாம் மூடிய இயந்திரத்துக்குள் நடப்பதால், விளையாடுபவருக்கு எண்கள் நகர்வதைத் தவிரக் காண ஒன்றும் இருக்காது. சீசரில் ஒவ்வொரு செயலும் கண்ணுக்குத் தெரியும். அசைவாகக் காட்டலாம், ஒலியாகக் கேட்கச் செய்யலாம், குழுவில் ஒருவர் காயமுற்றால் எது தாமதமாகும் என்பதையும் உணர்த்தலாம். சீசரை முடித்தபின், வேகம் கூடிய, விலையும் கூடிய மேல்நிலை வாகனமாக ஆர்ச்சரைச் சேர்ப்பது இயல்பான வளர்ச்சியாக இருக்கும்.

நிற்பதும் கிளம்புவதும்

வண்டியின் நிலைகளை ஐந்தாகப் பிரித்துக் கொள்ளுங்கள்: ஓட்டம், நிறுத்தம், ஊன்றுதல், சுடுதல், கிளம்புதல். நிரலில் இவை ஐந்து தனி நிலைகளாகவே இருக்க வேண்டும். ஒரே பொத்தானை அழுத்தியதும் வண்டி மாயமாகத் தயாராவது போல் எழுதினால் இவ்வாகனத்தின் உயிரே போய்விடும்.

ஊன்றும்போது என்ன நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஓட்டுநர் வண்டியை இலக்கின் திசைக்கு ஏறத்தாழ நேராக நிறுத்துகிறார். ஏனெனில் குழல் பக்கவாட்டில் ஒரு குறுகிய வளைவுக்குள் மட்டுமே திரும்பும். அதற்கு வெளியே உள்ள இலக்கைச் சுட வேண்டுமானால் வண்டியையே திருப்பி நிறுத்த வேண்டும். வண்டியின் பின்னால் மண்வெட்டியின் இலையைப் போன்ற அகலமான எஃகுத் தாங்கி ஹைட்ராலிக் விசையில் கீழிறங்கி மண்ணில் பதிகிறது. சுடும்போது எழும் பின்னுதைப்பைச் சக்கரங்களுக்கு விடாமல் நிலத்துக்குள் இறக்குவது அதன் வேலை. ஓட்டத்தின்போது குழலைப் பிடித்திருந்த பூட்டு விடுவிக்கப்படுகிறது. குழல் ஓட்டுநர் அறைக்கு மேலாக உயர்கிறது. குழுவினர் இறங்கிப் பின்னால் வந்து, குண்டையும் உந்துமருந்துப் பொதிகளையும் எடுக்கிறார்கள். இவையனைத்தும் ஒரு நிமிடத்துக்குள் முடியும் என்றும், கிளம்புவதற்கு அதைவிடக் குறைந்த நேரமே போதும் என்றும் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள்.

இந்த நிமிடத்தை அப்படியே விளையாட்டில் வைத்தால் இருபது நிமிட ஆட்டத்தில் பாதி காத்திருப்பிலேயே கழியும். ஆகவே சுருக்க வேண்டும். ஆனால் ஊன்றுவதையும் கிளம்புவதையும் ஒரே விகிதத்தில் சுருக்க வேண்டும். ஊன்றுவதற்கு 15 நொடி, கிளம்புவதற்கு 10 நொடி, இரு குண்டுகளுக்கு இடையே 10 நொடி என்று தொடங்குங்கள். கடைசி எண்ணை மட்டும் நான் சுருக்கவில்லை. நிமிடத்துக்கு ஆறு குண்டு என்பது சீசரின் உண்மையான வேகமே. அதை மேலும் கூட்டினால் பீரங்கி இயந்திரத் துப்பாக்கி போல் தோன்றத் தொடங்கிவிடும்.

நிலத்துக்கும் இதில் பங்கு கொடுங்கள். மண் தரையில் தாங்கி நன்றாகப் பதியும். தார்ச்சாலையிலும் பாறையிலும் சரியாகப் பதியாது. அங்கே ஒவ்வொரு குண்டுக்கும் வண்டி சற்றே நகர்ந்து, அடுத்த குண்டின் சிதறல் கூடும்படி அமைக்கலாம். பக்கவாட்டுச் சாய்வு சில பாகைக்கு மேல் இருந்தால் ஊன்றவே முடியாது என்று விதி வையுங்கள். இவ்விரண்டு விதிகளும் இருந்தால், விளையாடுபவர் வரைபடத்தை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்குவார். சாலைக்கு அருகில், ஆனால் சாலைக்கு வெளியே, மரங்கள் மறைக்கும் சமதளம் எங்கே இருக்கிறது என்று தேடுவார். உண்மையான பீரங்கிப் படையினரும் அதைத்தான் தேடுகிறார்கள்.

அவசரத்தில் ஓடுவதற்கும் ஒரு வழி விடுங்கள். தாங்கியை உயர்த்தியதும், குழலைப் பூட்டாமலேயே வண்டியை நகர்த்த அனுமதித்து, அதற்குத் தண்டமாக வேகத்தைப் பாதியாக்கி, குழலின் அமைப்பு சேதமுறும் வாய்ப்பையும் வைக்கலாம். உண்மையில் எந்தக் குழுத் தலைவரும் விரும்பிச் செய்யமாட்டார். விளையாட்டில் அது உயிர் தப்பும் பதற்றத்தைத் தரும்.

நாற்பது கிலோமீட்டரை மூன்று கிலோமீட்டருக்குள் அடக்குவது

இவ்வேலையில் மிகக் கடினமான பகுதி இதுதான். 52 காலிபர் குழலில் முழு அளவு உந்துமருந்து போட்டால், 43 கிலோவுக்கும் மேல் எடையுள்ள குண்டு நொடிக்கு 900 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வெளியேறும். காற்றே இல்லையென்றால் அது 80 கி.மீ. தாண்டிச் செல்லும், காற்றின் தடையால் சாதாரணக் குண்டு 30 கி.மீ. அளவிலும், பின்புறத்தில் வாயு கசியும் சிறப்புக் குண்டு 40 கி.மீ. அளவிலும் விழுகிறது. நம் வரைபடமோ பெரும்பாலும் 3 அல்லது 4 கி.மீ. அகலமே கொண்டது.

சிலர் இதற்குத் தீர்வாகப் புவியீர்ப்பைக் கூட்டுகிறார்கள். குண்டு மிக வேகமாக வளைந்து கீழே விழுவது கண்ணுக்குச் செயற்கையாகத் தெரியும். சரியான வழி பீரங்கிக்காரர்களின் வழியே: மருந்தைக் குறைப்பது. உண்மையான ஹோவிட்சரிலும் தூரத்துக்கு ஏற்ப மருந்துப் பொதிகளின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் சுடுகிறார்கள். விளையாட்டில் தொடக்க வேகத்தை நொடிக்கு 200 மீட்டர் என்று வைத்துக் காற்றுத் தடையைப் புறக்கணித்தால், 66 பாகைக் கோணத்தில் சுடப்படும் குண்டு 3,030 மீட்டர் தொலைவில் விழும். பறக்கும் நேரம் 37 நொடி. அதே வேகத்தில் 24 பாகையில் சுட்டாலும் அதே இடத்தில்தான் விழும். நேரம் மட்டும் 17 நொடிக்குச் சற்றுக் குறையும்.

ஒரே இலக்குக்கு இரண்டு பாதைகள் இருப்பது விளையாட்டுக்குக் கிடைத்த வரம். தாழ்ந்த பாதை வேகமானது. ஆனால் இடையே குன்றோ கட்டடமோ இருந்தால் தடுத்துவிடும். உயர்ந்த பாதை தடைகளைத் தாண்டும். ஆனால் வந்து சேர்வதற்குள் இலக்கு நகர்ந்திருக்கலாம். இந்தத் தேர்வை விளையாடுபவரிடமே விடுங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சீசரின் குழல் ஓட்டுநர் அறைக்கு மேலாகச் சுடுவதால் அதை மிகவும் தாழ்த்த முடியாது. ஆகவே கீழ்க்கோண எல்லை ஒன்றை வைத்து, அதிலிருந்தே குறைந்தபட்சத் தூரமும் உருவாகும்படி விட்டுவிடுங்கள். 'இத்தனை மீட்டருக்குள் சுட முடியாது' என்று தனியே ஒரு தடை எழுதத் தேவையில்லை.

மருந்து அளவை மாற்றும் வசதியைக் கொடுத்தால் இன்னொரு வித்தையும் கைகூடும். ஒரே பீரங்கி அடுத்தடுத்துச் சுட்ட குண்டுகள் ஒரே கணத்தில் விழும்படி செய்வது அது. மேற்சொன்ன 3,030 மீட்டர் இலக்கையே எடுத்துக் கொள்வோம். முதல் குண்டை 200 மீட்டர் வேகத்தில் 66 பாகையில் சுடுக. அது 37 நொடி பறக்கும். பத்து நொடி கழித்து, மருந்தைக் குறைத்து 174 மீட்டர் வேகத்தில் ஐம்பதரைப் பாகையில் இரண்டாவதைச் சுடுக. அதன் நேரம் 27 நொடி. மேலும் பத்தரை நொடி கழித்து, மீண்டும் 200 மீட்டர் வேகத்துக்கு வந்து 24 பாகையில் மூன்றாவது. மூன்றும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் விழும். ஆர்ச்சர் இவ்வாறு ஆறு குண்டுகள் வரை ஒருசேர விழச் செய்யும் என்கிறார்கள் அதன் தயாரிப்பாளர்கள். சீசரில் இதை விளையாடுபவரின் கைத்திறனாக வையுங்கள். ஆர்ச்சரில் கணினியே செய்து கொடுக்கட்டும். இரு வண்டிகளுக்கும் விலை ஏன் வேறு என்பது அப்போது தானே விளங்கும்.

உயர்ந்த மலைப்பகுதியைக் களமாக வைப்பவர்கள் காற்றின் அடர்த்தியையும் சேர்க்கலாம். 1999-இல் கார்கிலில் போஃபர்ஸ் பீரங்கிகளின் எட்டும் தூரம் கூடியதற்கு, அந்த உயரத்தில் காற்று மெலிந்திருந்ததும் ஒரு காரணம். ஆனால் 200 மீட்டர் வேகத்தில் இதன் விளைவு சிறிதே. வேகத்தை உயர்த்தும் பெரிய வரைபடங்களுக்கு மட்டும் இந்த உழைப்பு தகும்.

சர்வர் வேலை செய்வோருக்கு இரண்டு சொற்கள். 37 நொடி பறக்கும் குண்டின் இடத்தை நொடிக்குப் பலமுறை அனுப்பிக் கொண்டிருக்க வேண்டாம். சுட்ட நேரம், இடம், திசை, கோணம், வேகம் ஆகியவற்றை ஒருமுறை அனுப்பினால் மற்ற கணினிகள் பாதையைத் தாமே கணித்துக் கொள்ளும். ஆனால் அந்தத் தகவலை எதிரணியின் கணினிகளுக்கு உடனே அனுப்பிவிடாதீர்கள். பாதையைப் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பீரங்கி நிற்கும் இடத்தைக் காட்டும் திருட்டு நிரலை எழுதுவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். விழுவதற்கு முந்தைய மூன்று நொடிக்கான பாதையை மட்டும் எதிரணிக்குக் கொடுங்கள்.

நான்காவது குண்டு

இனி, முன்பு சொன்ன நேரக் கணக்கு. பீரங்கிக் குண்டு பறக்கும்போதே அதைக் கண்டு, பாதையைப் பின்னோக்கி நீட்டி, சுட்ட இடத்தைக் கண்டுபிடிக்கும் ராடார்கள் உலகின் பல படைகளிடம் உள்ளன. அமெரிக்காவின் ஃபயர்ஃபைண்டர், இந்தியாவின் ஸ்வாதி ஆகியவை இவ்வகை. லாரிப் பீரங்கிக்குச் சக்கரங்கள் முக்கியமாயிருப்பதே இவற்றுக்கு அஞ்சித்தான். சுட்டுவிட்டு அங்கேயே நிற்பது தற்கொலைக்குச் சமம்.

விளையாட்டில் இரு அணிகளுக்கும் ஒரு ராடார் இருப்பதாகக் கொள்ளுங்கள். முதல் குண்டு சுடப்பட்டதும், சுட்ட இடத்தை உள்ளடக்கிய 150 மீட்டர் ஆரமுள்ள வட்டம் எதிரியின் வரைபடத்தில் தோன்றுகிறது. வட்டத்தின் நடுப்புள்ளி சுட்ட இடமாக இருக்கக்கூடாது என்பதை மறவாதீர்கள். இரண்டாவது குண்டுக்கு வட்டம் 75 மீட்டராகவும், மூன்றாவதற்கு 30 மீட்டராகவும் சுருங்குகிறது. எதிரணியின் பீரங்கி ஏற்கெனவே ஊன்றித் தயாராக இருந்தாலும், அதை இயக்குபவர் வரைபடத்தைப் பார்த்துக் குறிவைக்க 15 நொடியாவது பிடிக்கும். தாழ்ந்த பாதையில் குண்டு வந்து சேர 17 நொடி. ஆக, முதல் குண்டு சுட்டதிலிருந்து பதிலடி விழுவதற்கு மிகக் குறைந்தது 32 நொடி.

இப்போது நம் பக்கக் கணக்கு. முதல் குண்டுக்கும் மூன்றாவது குண்டுக்கும் இடையே 20 நொடி. கிளம்ப 10 நொடி. முப்பதாவது நொடியில் சக்கரம் உருளத் தொடங்கும். அதாவது மூன்று குண்டு சுட்டால் நூலிழையில் தப்பலாம். நான்காவதும் சுட வேண்டுமென்றால் நாற்பதாவது நொடி வரை அங்கேயே நிற்க வேண்டும்.

இவ்வாகனத்தின் முழு விளையாட்டும் அந்த நான்காவது குண்டில்தான் அடங்கியிருக்கிறது. இலக்கு இன்னும் முழுதாக அழியவில்லை; இலக்கைக் கண்டு சொல்லும் நோக்கர் 'இன்னொன்று' என்று கேட்கிறார்; எதிரணிப் பீரங்கி உயிரோடு இருக்கிறதா, அதன் குழல் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று தெரியாது. சுடுவதா, ஓடுவதா? இந்த எண்களை நீங்கள் எப்படி மாற்றினாலும் இந்த ஐயம் இருந்துகொண்டே இருக்குமாறு பார்த்துக் கொள்ளுங்கள். மூன்று குண்டும் சிரமமின்றிச் சுட்டுவிட முடிந்தால் வட்டத்தைச் சுருக்குங்கள். இரண்டாவதற்கே எல்லோரும் ஓடத் தொடங்கினால் கிளம்பும் நேரத்தைக் குறையுங்கள்.

இன்னொரு சிக்கலும் இக்கணக்கிலேயே ஒளிந்திருக்கிறது. மூன்று குண்டும் ஒருசேர விழும் வித்தையைச் செய்தவர், முதல் குண்டு சுட்ட முப்பதாவது நொடியில் ஓட்டத் தொடங்கிவிடுவார். குண்டுகள் விழுவதோ முப்பத்தேழாவது நொடியில். தம் உழைப்பின் பலன் கிட்டும் கணத்தில் அவர் குறுகிய வண்டிப்பாதையில் ஸ்டியரிங்கைத் திருப்பிக் கொண்டிருப்பார். இதைச் சரிசெய்யத் திரையை இலக்கின் பக்கம் தாவ விடாதீர்கள். வண்டி மரத்தில் மோதும். மாறாக, தொலைவில் எழும் அதிர்வொலியை மூன்று கி.மீ. கடந்து வரும் தாமதத்தோடு, ஒன்பது நொடி கழித்துக் கேட்கச் செய்யுங்கள். அதற்கு முன்பே நோக்கரின் குரல் வானொலியில் வரட்டும். திரையின் ஓரத்தில் சிறிய படமொன்றைக் காட்டினாலும் தவறில்லை. ஓட்டிக்கொண்டே வெற்றிச் செய்தி கேட்பதில் உள்ள நிறைவு, நேரில் பார்ப்பதைவிடக் குறைந்ததன்று என்பது என் கருத்து.

குறிவைப்பும் நோக்கரும்

வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ் விளையாட்டில் பீரங்கி ஓட்டுபவர் களத்தை மேலிருந்து பார்த்துக் குறிவைக்கிறார். கற்பதற்கு எளிது, ஆனால் அடிபடுபவருக்கு, யாரோ தெய்வம் போல் மேலிருந்து தண்டிப்பதான உணர்வைத் தருகிறது. அங்கே 2017-இல் ஓர் அணிக்கு மூன்று பீரங்கிகளுக்கு மேல் கூடாதென்று வரம்பு கொண்டுவந்ததை நினைத்தால், அந்தக் கசப்பு எவ்வளவு தூரம் போயிருந்தது என்பது தெரியும். ஆர்மா 3 விளையாட்டிலோ, பீரங்கிக் கணினி வரைபடத்தைக் காட்டும். இலக்கைக் குறித்தால் எட்டுமா, எத்தனை நொடியாகும் என்று சொல்லும். லாரிப் பீரங்கிக்கு இரண்டாவது வழியே இயல்பானது.

வண்டிக்குள் இருப்பவருக்குக் கட்டங்கள் வரைந்த வரைபடம் மட்டும் தெரியட்டும். இலக்கைக் காண்பவர் வேறொருவர்: தொலைநோக்கியுடன் மேட்டில் படுத்திருக்கும் காலாட்படை வீரரோ, டிரோன் இயக்குபவரோ. உக்ரைன் போரில் பீரங்கியும் டிரோனும் இணைபிரியாமல் இயங்குவதைச் செய்திகளைப் பார்ப்பவர்கள் அறிவார்கள். நோக்கர் கட்ட எண்ணை அனுப்புகிறார். பீரங்கிக்காரர் ஒரு குண்டு சுடுகிறார். 'நூறு மீட்டர் குறை, ஐம்பது வலம்' என்று திருத்தம் வருகிறது. ஆனால் அந்தத் திருத்தக் குண்டும் எதிரியின் ராடாரில் ஒரு குண்டாகவே எண்ணப்படும். ஆகவே நல்ல நோக்கர் கிடைத்த அணி குறைந்த குண்டில் காரியத்தை முடிக்கும். இருவரும் சேர்ந்து ஆடினால்தான் வெல்லலாம் என்பதை விதியாக எழுதாமலேயே விதியாக்கிவிடும் அமைப்பு இது.

சிதறலை வட்டமாக வைக்காதீர்கள். பீரங்கிக் குண்டுகள் பக்கவாட்டில் விலகுவதைவிட முன்னும் பின்னும் விலகுவதே அதிகம். சிதறல் சுடும் திசையில் நீண்ட முட்டைவடிவமாக இருக்கும். மூன்று கி.மீ. தொலைவுக்கு 40 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் நல்ல தொடக்கம். இதனால், நீண்டு கிடக்கும் அகழியையோ சாலையில் வரிசையாக வரும் வண்டிகளையோ பக்கவாட்டிலிருந்து சுடுவதைவிட, அவற்றின் நீளவாக்கில் சுடுவது பலன் தரும். எங்கே நின்று சுடுவது என்ற கேள்விக்கு இன்னொரு பொருள் கிடைத்துவிடுகிறது.

சேதமும் வழங்கலும்

வண்டிக்கு ஒற்றை உயிர்ப்பட்டை வேண்டாம். சக்கரங்கள், எஞ்சின், ஹைட்ராலிக் அமைப்பு, குழல், குண்டுப் பெட்டி, குழுவினர் எனப் பிரியுங்கள். ஒரு சக்கரம் போனால் வேகம் குறையட்டும்; ஹைட்ராலிக் போனால் கையால் இயக்குவதாகக் கொண்டு ஊன்றும் நேரம் இரட்டிப்பாகட்டும்; குழுவில் இருவர் வீழ்ந்தால் நிரப்பும் இடைவெளி நீளட்டும். குண்டுப் பெட்டியில் அடி விழுந்தால் எல்லாம் முடிந்தது. சுடப்படும் குண்டின் சேதத்தைப் பொறுத்தவரை, அதை ஊடுருவலாகக் கணக்கிடாமல் வெடிப்பும் சிதறல் துண்டுகளுமாகக் கணக்கிட வேண்டும். அருகில் விழுந்த 155 மி.மீ. குண்டு கனத்த டாங்கியின் கவசத்தைத் துளைக்காவிட்டாலும், அதன் சங்கிலியையும் பார்வைக் கருவிகளையும் வானொலிக் கம்பியையும் பிய்த்தெறியும். டாங்கி ஓட்டுபவர் ஒரே அடியில் சாகாமல், முடமாகித் திருத்தக் காத்திருப்பதே இரு தரப்புக்கும் நியாயமான முடிவு. குண்டு விழுவதற்கு முந்தைய இரண்டு மூன்று நொடி, சீறும் ஒலியை அவருக்குக் கேட்கச் செய்யுங்கள். எச்சரிக்கை கிடைத்தும் நகராதவர் பீரங்கியைக் குறை சொல்லமாட்டார்.

பதினெட்டு குண்டுகள் தீர்ந்தபின் வழங்கல் லாரியிடம் போகட்டும். அந்த இடமும் எதிரி தேடும் இலக்காகும்.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். விற்பனைக்கு வெளியிடுவதானால் நிறுவனப் பெயர்களையும் சின்னங்களையும் அனுமதியின்றிப் பயன்படுத்த வேண்டாம். கற்பனைப் பெயர் வைத்து வடிவத்தைச் சற்று மாற்றுங்கள். தகவலுக்குத் தயாரிப்பாளரின் விளம்பரக் கையேடும், கண்காட்சிகளில் பொதுவில் எடுத்த படங்களும் போதும். 2021-இல் வார் தண்டர் விளையாட்டைப் பற்றிய வாதத்தில், பிரிட்டனின் சேலஞ்சர் 2 டாங்கியின் கையேட்டுப் பக்கங்களை ஒருவர் வெளியிட்டது பெரும் செய்தியானது. ஒரு விளையாட்டின் எண் சரியா தவறா என்பதற்காக இராணுவ ஆவணங்களைத் தேடிப் போகும் பைத்தியக்காரத்தனம் நமக்கு வேண்டாம்.

சோதனை

கட்டி முடித்ததும் சேத எண்களைத் தொடாமல் முதலில் நேரங்களை மட்டும் சோதியுங்கள். இரு அணிக்கும் தலா ஒரு பீரங்கியும் ஒரு நோக்கரும் கொடுத்து, டாங்கிகளே இல்லாத வெற்று வரைபடத்தில் ஆடவிடுங்கள். ஒவ்வொரு முறை ஊன்றியதற்கும் எத்தனை குண்டு சுடப்பட்டது என்பதைச் சர்வர் பதிவு செய்யட்டும். பெரும்பாலான பதிவுகள் இரண்டு, மூன்று, நான்கு என்று பரவியிருந்தால் எண்கள் சரியாக அமைந்திருக்கின்றன. எல்லாப் பதிவுகளும் மூன்றிலேயே குவிந்தால், ஆடுபவர்கள் விடையைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று பொருள். அப்போது ராடார் வட்டம் சுருங்கும் அளவை நிலையாக வைக்காமல், ஒவ்வொரு முறையும் ஓரளவு மாறும்படி திருத்திவிட்டு மீண்டும் ஆடவிடுங்கள். அது சரியான பின்னரே டாங்கிகளைக் களத்தில் இறக்குங்கள்.